மெனு கார்டைத் தின்ற ஆட்டுக்குட்டி

ஒரு காட்டில் சர்வதேசப் பள்ளி ஒன்று வந்துவிட்டது. அந்தக் காட்டுக்கு வேறு எதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்ததில்லை. மழைகூடத் தவணை முறையில்தான் வரும். பள்ளி மட்டும் ஒரே வாரத்தில் வந்தது. குளிர்காலத்துக்குப் பறந்து வந்த பூநாரை ஒன்று, திரும்பிப் போகச் சோம்பல்பட்டுக் குளக்கரையிலேயே தங்கிவிட்டது. வெளிநாட்டுப் பறவை சும்மா நிற்கலாமா? ஒற்றைக் காலில் நின்றபடியே பிரின்சிபால் ஆகிவிட்டது. பள்ளி சர்வதேசப் பள்ளி ஆனதற்கு வேறு காரணம் யாருக்கும் தெரியாது.

அதே காட்டில் செவலை என்றொரு ஆடு, கரடியின் டீக்கடைக்குப் பால் ஊற்றிப் பிழைத்துவந்தது. அதற்கு ஒரே மகள். வீட்டில் சுட்டி, பள்ளிப் பதிவேட்டில் சாத்விகா. அங்கே பணம் என்றால் புண்ணாக்கு. செவலை சேர்த்துவைத்த மூட்டை அத்தனையும் அட்மிஷனுக்கே போய்விட்டது. மூச்சு விடுவதற்குள் மதியச் சாப்பாட்டுப் படிவம் வந்தது.

"வீட்ல இருந்தே கொஞ்சம் வேப்பங்கொழை கட்டி அனுப்பிடறேன் மேடம்," என்றது செவலை.

"நோ நோ. வீட்டுச் சாப்பாடு அலவுட் இல்ல. ஒரு குழந்தை டப்பால கொண்டுவர்றது இன்னொரு குழந்தையா இருந்துட்டா?" என்றது பூநாரை.

செவலைக்கு இதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. சிறுத்தைக் குட்டியும் அதே வகுப்பில்தான் இருந்தது.

படிவத்தில் மூன்று திட்டங்கள். சில்வர் திட்டத்தில் புல். கோல்டு திட்டத்தில் புல்லின் மேல் ஒரு எலுமிச்சைத் துண்டு. பிளாட்டினம் திட்டத்தில் அதே புல், அதே எலுமிச்சை, ஆனால் தட்டு பெரியது, புல் கொஞ்சம். சிறுத்தைக் குட்டிக்கும் புல்தான். அதற்கு குளோபல் டயட் என்று பெயர். அவ்வளவு புல்லும் செவலை வீட்டுக்குப் பின்புறம் அறுத்தது. சில்வருக்கே மாதம் மூன்று மூட்டை. எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் படிவத்தில் ஓர் இடம் இருந்தது: மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கலாம், மாதம் அரை மூட்டை. செவலை அதில் டிக் அடித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதற்கு அழுகை அடங்கவில்லை.

"மத்தியானம் யாராச்சும் கேட்டா வயிறு சரியில்லன்னு சொல்லிடு கண்ணு."

"தெனமுமா அம்மா?"

"தெனமுந்தான்."

யார் வந்து உட்கார்ந்தாலும் முன்னால் மெனு கார்டு வைப்பது அந்தப் பள்ளியின் மரபு. கெட்டியான வழவழ அட்டை, ஓரத்தில் தங்க மை. சுட்டியோ காட்டோரப் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் தின்று வளர்ந்த பிள்ளை. ஒரு முனையைக் கடித்துப் பார்த்தது. பிறகு பிளாட்டினத்தைத் தின்றது. பிறகு கோல்டைத் தின்றது. சில்வரை வீட்டுக்குப் போகும் வழிக்கு வைத்துக்கொண்டது.

இப்படியே மூன்று வாரம் போனது. பெரிய தட்டில் நான்கு புல்லோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த யானைக்குட்டி விஹான் ஒருநாள் கேட்டது: "நீ என்ன பிளான்?"

சுட்டிக்கு வெட்கம். "மெனு பிளான்," என்றது.

"எங்களுக்கெல்லாம் காட்டிட்டு எடுத்துட்டுப் போயிடறாங்க. உனக்கு மட்டும் அதையே குடுக்கறாங்களா?"

அன்று மாலை யானைக்குட்டி வீட்டில் புரண்டு அழுதது. இரவுக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினொரு செய்திகள் விழுந்தன. காலையில் பூநாரை செவலையைக் கூப்பிட்டனுப்பியது. பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே செவலை போனது.

"உங்க டாட்டர் பதினேழு மெனு கார்டு சாப்பிட்டிருக்கா."

"போஸ்டர்ல வளந்த புள்ளைங்க மேடம். மன்னிச்சுக்கங்க."

அதற்குள் யானையம்மா கதவோடு உள்ளே வந்தது. "என் பையனுக்கும் அந்த பிளான்தான் வேணும். எவ்வளவு ஆனாலும் சரி."

பூநாரை காலை மாற்றி நின்றது. பெரிய யோசனை வந்தால் அது காலை மாற்றும். பத்தே நிமிடத்தில் டைமண்ட் திட்டம் பிறந்தது: தினம் ஒரு மெனு கார்டு, எலுமிச்சைத் துண்டுடன். அடுத்த பத்து நிமிடத்தில் செவலைக்கு பில் வந்தது. பதினேழு டைமண்ட் லஞ்ச், அறுபத்தெட்டு மூட்டை.

பயம் வந்தால் எதையாவது மெல்லுவது ஆட்டின் பழக்கம். பூநாரை விவரம் சொல்லி முடிப்பதற்குள் பில் காணாமல் போயிருந்தது. நகல் கொடுத்தார்கள். அதுவும் போனது.

"நல்ல பேப்பர் மேடம்," என்றது செவலை, மரியாதைக்காக.

பில்லில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையை நீக்க விதியில் இடமில்லை. ஆகவே தினமும் ஒரு புதிய பில்லை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிச் சுட்டியிடம் தருகிறார்கள். போனில் அனுப்பிவிடலாமே என்று கிளார்க் மைனா ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

"நம்ம ஸ்டாண்டர்டே அந்தப் பேப்பர்லதான் இருக்கு," என்று பூநாரை அதை அடக்கிவிட்டது.

இப்போது பன்னிரண்டரை மணி ஆனால் பிரின்டரிலிருந்து சூடாக ஒரு பில் சுட்டியின் மேஜைக்கு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் இறுதி எச்சரிக்கை. அது இரண்டு பக்கம், அம்மாவுக்கும் ஆகும். சுட்டி ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. யானைக்குட்டி மறுபடியும் வீட்டில் புரண்டு அழ ஆரம்பித்திருக்கிறது.

நீதி: பிள்ளையைச் சர்வதேசப் பள்ளியில் சேர்க்கும்போது சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், பில்லை எந்தத் தாளில் அடிப்பார்கள் என்று கேளுங்கள்.