முறை வராமல் சொன்ன பாஸ்

எங்கள் வீட்டில் 'பாஸ்' என்பது சாமி பெயர் மாதிரி. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வருஷா வருஷம் நான் வந்து 'பாஸ்' என்றதும் அம்மா ஒரு கோழியை அடித்துவிடுவார். (பரீட்சை முடிவு வரும் மாதத்தில் எங்கள் கோழிகள் என்னைக் கண்டாலே ஓடும்.) சீட்டாட்டத்தில் அதற்கு 'எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

பென்னாகரத்துக்கு வசந்தாவைப் பெண் பார்க்கப் போனோம். அந்தச் சம்பந்தம் அமைந்தே தீர வேண்டும் என்றிருந்தேன். முன்பொரு நாள் மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசைக்குள் புகுந்த ஒரு பெரிய மீசைக்காரரை, "பின்னால போய் நில்லுங்க" என்று வசந்தா அனுப்பி வைத்ததைப் பார்த்தவன் நான்.

ராகு காலம் முடியவில்லை. "அதுவரைக்கும் ஒரு கை போடலாங்களா?" என்றார் அவள் அப்பா. இருபத்தெட்டு ஆட்டம். அவர், வசந்தாவின் தாய்மாமன், அண்ணன், நான். இதில் எத்தனை புள்ளி எடுப்போம் என்று வரிசைப்படி கேள்வி கேட்க வேண்டும். கை மோசமென்றால் 'பாஸ்'. பாஸ் சொன்னவர் அந்தக் கையில் மறுபடி கேட்க முடியாது.

இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு. என் கையில் ஒரு ஜாக்கிகூட இல்லை, எல்லாம் புள்ளியே இல்லாத ஏழும் எட்டும். மானம் போகப்போகிறதே என்று சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். ராகு காலம் முடிந்ததும் தெரியாது, வசந்தா காபித் தட்டோடு வந்து நின்றதும் தெரியாது.

"என்ன மாப்ள, என்ன சொல்றீங்க?" என்றார் தாய்மாமன்.

"பாஸுங்க" என்றேன்.

"எம்பையன் பாஸுன்னு சொல்லிட்டான், சாமி" என்று அம்மா கைகூப்பி, வெற்றிலைத் தட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். சீட்டாடுகிற அந்த வீட்டுக்கோ அதன் அர்த்தம் வேறு.

அவள் அப்பா சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "புடிக்கலைன்னா பரவால்லைங்க. புள்ளைய நிக்க வெச்சே சொல்லியிருக்க வேண்டாம்."

பதறிப்போய் வாயைத் திறந்தேன்.

"பாஸுன்னா பாஸுதான். மறுக்காப் பேசக் கூடாது" என்றார் தாய்மாமன். (ஆட்டத்தைச் சொன்னாரா, சம்பந்தத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.)

"அப்பா, கேள்வி இன்னும் அண்ணங்கிட்டதான நிக்குது?" என்றாள் வசந்தா, தட்டை இறக்காமலே. "முறை வராம சொன்னது செல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க." பிறகு கொஞ்சம் மெதுவாக, "இவரு இன்னும் நிமுந்தே பாக்கலை."

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாஸ்" என்றார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் அப்பா.

நிமிர்ந்தேன். மீசைக்காரரை அனுப்பி வைத்த அதே பார்வை. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு.

"இருபத்தெட்டுங்க."

ஆட்டத்தில் மொத்தப் புள்ளியே அவ்வளவுதான், அதற்கு மேல் கேள்வியே கிடையாது. ஒரு பிடிகூட, அதாவது ஒரு சுற்றுகூட, விடாமல் ஜெயிக்க வேண்டும். முதல் பிடியிலேயே தோற்றேன். அப்போதுதான் அவள் அப்பா சத்தமாகச் சிரித்தார்.

பென்னாகரத்தில் எனக்கு 'இருபத்தெட்டு மாப்பிள்ளை' என்று பெயர். (கல்யாண வயசு என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.) "பாத்த ஒடனே பாஸ் பண்ணிட்டான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறார். வசந்தா அதைத் திருத்துவதே இல்லை. நான் திருத்தப் போனால்தான், குழம்புக் கரண்டியோடு எட்டிப் பார்க்கிறாள்:

"உங்க முறை வரலைங்க."