கண்மாய்க்காரன் போட்ட நங்கூரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து பாம்பன் வரைக்கும் ஒரு பாய்மரப் படகு ராத்தங்கலுக்கு எங்கெங்கே நங்கூரம் போட்டு நிற்கலாம் என்று கேட்டால், முப்பத்தோரு இடங்களைத் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். சொல்லியும் இருக்கிறேன் (அம்மா சாட்சி).

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. நூல் கோன்கள் பெட்டியில் ஏறுவதும், பெட்டிகள் லாரியில் ஏறுவதும், லாரி கேட்டைத் தாண்டுவதும் என் பொறுப்பு. இடைப்பட்ட நேரத்தில் நான் கடலில் இருப்பேன். ஒரு வெளிநாட்டுத் தம்பதி சின்னப் பாய்மரப் படகில் கரையோரமாகவே ஊர் ஊராகப் போகும் வீடியோக்களை செல்போனில் பார்ப்பேன். பகலெல்லாம் பாய் விரித்துப் போவார்கள். சாயங்காலம் அமைதியான ஒரு வளைவாகப் பார்த்து, சங்கிலியைக் கடகடவென்று இறக்கி, நங்கூரம் பிடித்துவிட்டதா என்று சோதித்துவிட்டு, படகின் மேல் தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். அந்தக் காப்பிதான் என்னைக் கெடுத்தது.

ஷெட்டுக்குள் மெஷின்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். கண்ணை மூடினால் அது அலைச்சத்தம். ஜன்னலுக்கு மேற்கே மலை நீலமாக நிற்கும். கண்ணைப் பாதி மூடினால் அது தீவு. செத்த நேரத்தில் நாற்காலி லேசாக ஆட ஆரம்பிக்கும். சூப்பர்வைசர்தான் பிடித்து ஆட்டுகிறார் என்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். நல்ல இடம் என்றால் காற்றுக்கு மறைவு வேண்டும், அடியில் மணலோ சேறோ இருக்க வேண்டும், பாறை கூடாது, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்றெல்லாம் அழகாக எழுதி, பச்சை மையில் அடிக்கோடு இட்டிருந்தேன். கடல் நீர் ஏறி இறங்கும் கணக்கைப் பற்றியும் ஒரு வீடியோ இருந்தது. அதில் ஒரே எண்களாக வந்ததால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

இந்த நிலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் கோதை. மகாராஜபுரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். ஜாதகம் பொருந்தியது, இரண்டு வீட்டுக்கும் பிடித்தது. பாக்கி இருந்தது கோதையின் சம்மதமும் அவளுடைய தாய்மாமன் வேலுச்சாமியின் சம்மதமும். அந்த வீட்டில் தாய்மாமன் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் தாம்பூலத் தட்டு நகராது.

வேலுச்சாமி மாமா இருபது வருஷம் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கின மீசை. தூத்துக்குடியில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை மறந்துவிட்டு மாமாவோடு படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நடுவில் கோதை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"நீச்சல் என்பது ஒரு மனநிலைங்க" என்று தொடங்கி, நங்கூரம் போடும் இடங்களைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன் (இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது). அவள் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்.

"மாப்ள ரொம்ப வெவரமா இருக்காரு. ஒரு நா படகுல கூட்டிட்டுப் போயி ராத்தங்கிட்டு வாரேன். ஆளு எப்படின்னு அதுல தெரிஞ்சிரும். பொறவு சொல்லுதேன்."

நாளை நானே குறித்தேன். பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் கடல் எப்படி இருக்கும் என்று எட்டு வருஷமாகக் கற்பனை செய்திருந்தேன். பௌர்ணமியன்று கடல் நீர் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும் என்பது நான் தள்ளிவிட்ட அந்த வீடியோவில் இருந்திருக்க வேண்டும்.

படகை வழக்கமாக ஓட்டுகிறவர் சூசை என்ற மீனவர். அன்றைக்கு அவர் வீட்டில் விசேஷம். "நாம ரெண்டு பேரு இருக்கும்போது சூசை எதுக்கு மாப்ள?" என்றார் மாமா. நானும் "எதுக்கு மாமா?" என்றேன். காலையில் கரையோரமாக வடக்கே கிளம்பினோம். பாய் பேருக்குக் கொஞ்சம் விரிந்தது, மற்றதை எஞ்சின் பார்த்துக்கொண்டது. தீவுகள் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம், அதனால் தூரத்திலேயே பார்த்தேன். தண்ணீர் பச்சையாக, கண்ணாடி மாதிரி கிடந்தது. மில்லின் இரைச்சல் இல்லாமலே எனக்குத் தூக்கம் போல ஒன்று வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு கண்டேன்.

மதியம் ஒரு மணிவாக்கில் ஒரு மீன்பிடித் துறையைத் தாண்டினோம். "இங்கன கட்டிருவமா? ஆழமா இருக்கு, ஆளுகளும் இருக்காக" என்றார் மாமா.

"வேண்டாம் மாமா. இங்க சத்தம். என் லிஸ்ட்ல பதினேழாவது இடம் பக்கத்துலதான் இருக்கு."

பதினேழாவது இடம் பிறைபோல வளைந்த ஒரு கடலோரம். கரையில் உடைமரங்கள், ஒரு கொக்கு, வேறு யாரும் இல்லை. மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்தேன். நாலு அடி. படகின் அடி தண்ணீருக்குள் மூன்று அடி நிற்கும். "இன்னும் கொஞ்சம் கடலுக்குள்ள தள்ளிப் போடுவமா?" என்று மாமா இழுத்தார். "பர்ஃபெக்ட் மாமா. இதான் ஸ்டாண்டர்டு" என்றேன்.

உண்மைக் காரணத்தை இப்போது சொல்லலாம். நாலு அடி என்றால் விழுந்தாலும் நிற்கலாம். எங்கள் ஊர்க் கண்மாயில் நான் குளிப்பதே இடுப்பளவில்தான். அந்தக் கண்மாயில் சாயங்காலம் இடுப்பளவு தண்ணீர் இருந்தால் மறுநாள் காலையிலும் இடுப்பளவுதான் இருக்கும். யாராவது மடையைத் திறந்துவிட்டால்தான் குறையும். தண்ணீர் தன்னாலே எழுந்து போய்விட்டுத் திரும்பி வரும் என்பது இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

நங்கூரத்தை இறக்கினேன். பிடித்தது. கயிறு ஐந்து மடங்கு விட்டேன். மேல் தளத்தில் உட்கார்ந்து, நானே போட்ட காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தேன், அப்படியும் தித்தித்தது. பிறகு புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். காற்று மெல்ல வீசியது. மாமா உள்ளே ஒரு பக்கம் சாய்ந்தார், நான் எதிர்ப்பக்கம். படகு தாலாட்டியது. தூக்கத்தில், கோதை படகின் முனையில் நின்று முப்பத்தோரு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள், நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுகிறாள். கேட்டுக்கொண்டே என் பக்கம் சாய்ந்து வருகிறாள். இன்னும் சாய்கிறாள். அவ்வளவு பாரமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

கண்ணை விழித்தால் என் மேல் கிடந்தது மாமா. எதிர்ப்பலகையிலிருந்து உருண்டு வந்திருந்தார். புளியோதரைத் தூக்குச்சட்டி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. எங்கோ போன் அடித்தது. அதுவும் வழுக்கிக்கொண்டு வந்து மாமாவின் கையருகே நின்றது.

"சொல்லுத்தா கோதை... செத்த இரு" என்றவர், போனை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே தவழ்ந்தார். நானும் தவழ்ந்தேன்.

மணி ஐந்தே முக்கால். கடலைக் காணவில்லை. தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. எங்களைச் சுற்றிச் சேறும், முழங்காலுக்கும் கீழே கொஞ்சம் தண்ணீரும். படகு ஒருக்களித்துப் படுத்திருந்தது. கொக்கு படகுக்கு அந்தப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது.

"யாரு மாமா மடையைத் தொறந்துவிட்டது?" என்று கத்தினேன்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது கையில் ஓலைப்பெட்டியோடு நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு படகை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இங்கன யாரும் படகு கட்ட மாட்டாகளேய்யா. பௌர்ணமிக்குச் சுத்தமா வத்திருமே. எந்த ஊரு?"

"ராசபாளையம்" என்றேன்.

"அப்பச் செரி" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மாமா சரிந்த தளத்தில் மெல்ல உட்கார்ந்தார். மீசை தொங்கியிருந்தது. "மாப்ள, ஒண்ணு சொல்லுதேன். நேவியில நான் ஸ்டோர்ஸு. யூனிஃபாரம், சோப்பு, ஷூ பாலிஷ். இருபது வருசத்துல கப்பல்ல போனது ஒம்பதே நாளு. அதுல ஏழு நாளு வாந்தி. படகுன்னா எல்லாம் சூசைதான். நீங்க அம்புட்டு வெவரமாப் பேசுனதால உங்களை நம்பி வந்தேன்."

"நான் உங்களை நம்பி வந்தேன் மாமா."

கல்யாணம் கைவிட்டுப் போகிறதே என்பது என் கவலை. மாமாவுக்கு வேறு கவலை. ஊரே அவரை கேப்டன் என்றுதான் கூப்பிடும்.

"இது வில்லிபுத்தூருக்குப் போகக் கூடாது மாப்ள."

"போகாது மாமா."

"நீங்க தங்கமான ஆளுன்னு நான் சொல்லிருதேன். நான் கேப்டன்தான்னு நீங்க சொல்லிருங்க. செரியா?"

கைகுலுக்கிக்கொண்டோம். அப்போது மாமாவின் சட்டைப் பை சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டு விட்டு, அடக்க முடியாத சிரிப்பு. பின்னணியில் பஸ் ஹாரன் வேறு. மாமா போனை வெளியே எடுத்தார். வைக்கப்படாத போன்.

"மாமா" என்றது கோதையின் குரல். "அவுகளுக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுங்க."

மாமா போனை என்னிடம் நீட்டினார்.

"தெரியாது" என்றேன்.

"செரி" என்றாள். வைத்துவிட்டாள்.

மாமா போன் போட்டுக் கூப்பிட்டதில் சூசை விசேஷச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, இரவு பத்து மணிக்கு இன்னொரு வள்ளத்தில் வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஏறி, படகு ஒன்றும் தெரியாத பிள்ளை போல மிதந்துகொண்டிருந்தது. நிலா நான் நினைத்ததைவிட அழகாகத்தான் இருந்தது, நிமிர்ந்து பார்க்கத்தான் எங்கள் இருவருக்கும் முகம் இல்லை. தை மாதம் கல்யாணம். மாமாதான் மாலை எடுத்துக் கொடுத்தார்.

இன்றைக்கும் வீட்டில் மாடித் தொட்டி காலியானால், குழம்புச் சட்டி அடிப்பிடித்தால், மகளின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தால், "யாரு மடையைத் தொறந்துவிட்டது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போன தீபாவளிக்கு பால்கோவா டப்பா காலியாக இருந்ததைப் பார்த்து வேலுச்சாமி மாமாவே கேட்டார். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததை நான் கோதையிடம் கேட்டேன்.

"ஆமா, அன்னிக்கு நீ எதுக்கு போன் பண்ணின?"

அவள் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

"உங்களை வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லத்தான். ரொம்ப அளக்குறீங்கன்னு சொல்லலாம்னு பஸ்ஸுல ஏறுனதும் போட்டேன். அதுக்குள்ள நீங்க மடையைக் கேட்டுட்டீக."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கடல் இன்னும் ஒரு கால் மணி நேரம் தாமதமாக இறங்கியிருந்தால், நான் இப்போதும் மில்லில் கண்ணை மூடி உட்கார்ந்து, முப்பத்திரண்டாவது இடத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.