முதலாளியின் கொடை

"இதுல என்னா எழுதியிருக்குது?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

அவள் கையில் புதுக் கப்பு ஒன்று இருந்தது. அதன்மேல் நீல எழுத்து. மேனேஜர் தேவநாதனுக்கு மேடைத் தமிழ்மேல் தீராத ஆசை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"முதலாளியின் கொடை."

"அப்படின்னா?"

"வள்ளலுங்க இல்லாதப்பட்டவங்களுக்கு மனசு எரங்கிக் குடுக்கறது. முதலாளி மெட்ராஸிலேருந்து போன் பண்ணிச் சொல்லிட்டாரு. பொம்பளைங்க எல்லாருக்கும் உண்டு."

பாஞ்சாலை கப்பை மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கப்புக்குக் காது ஒட்டுனதே நானு. நான் செஞ்சதை எனக்கே எரங்கிக் குடுக்கறாரா? வாணாம்."

விருத்தாசலத்தின் அத்தனை பீங்கான் பட்டறைகளிலும் இப்படி ஒருத்தி பேசியதில்லை. மறுநாள் முதலாளி வருகிறார். தேவநாதனுக்கு வியர்த்தது. இன்னும் சூளைக்குப் போகாத எழுத்துதானே? ஈரத்துணியால் துடைத்துவிட்டு, 'முதலாளியின் கருணை' என்று எழுதி நீட்டினார்.

பக்கத்தில் இருந்த காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். "கருணையா? குழம்பு வெக்கிறதா, வறுக்கறதா?"

சிரிப்பு அடங்குவதற்குள் கப்பு வாங்கியிருந்த பெண்களில் பாதிப் பேர் அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

தேவநாதன் மறுபடி துடைத்தார். இம்முறை 'தயவு' என்று எழுதிப் படித்துக் காட்டினார்.

பாஞ்சாலைக்கு முகம் சிவந்துவிட்டது. "போன வருஷம் எம்மவளுக்கு அம்மை போட்டப்ப ரெண்டு நாள் லீவு குடுத்தீங்க. அந்தத் தயவை இன்னிக்கி வரைக்கும் சொல்லிக் காட்டுறீங்க. இதை வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா, டீ குடிக்கறப்பல்லாம் அந்தப் பேச்சைக் கேக்கணுமா?"

மீதிப் பேரும் கப்பை வைத்தார்கள்.

கடைசியாக, யாருக்கும் புரியாத சொல்லாக இருந்தால் வம்பில்லை என்று 'ஈகை' என்று எழுதினார். காசியம்மாள் எழுத்துக் கூட்டினாள்.

"ஈ... கை... எங்க கையில ஈ மொய்க்குதுங்கிறாரு பாஞ்சால!"

அவ்வளவுதான். எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பொதுச் சூளைக்குத் தூக்கிப்போக வேண்டிய, இன்னும் சுடாத பச்சைச் சாமானெல்லாம் பலகை பலகையாக நின்றது.

"எழுந்திரிக்கலேன்னா நாளைக்கி வேலை கெடையாது!" என்று கத்தினார் தேவநாதன்.

பாஞ்சாலைக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை. ஆனாலும் காலை நன்றாக நீட்டிப் போட்டுக்கொண்டாள்.

"கெடையாதுன்னா போவட்டும். அதுக்கும் ஒரு நல்ல வார்த்தை எழுதி வைங்க."

மறுநாள் காலையில் கொட்டும் மழையில் கார் வந்து நின்றது. முதலாளி மாணிக்கவேல் இறங்கினார். டிரைவர் கோவிந்தசாமி பின்னாலேயே ஓடிவந்து துண்டால் தன் தலையைத் துவட்டினான். ஒரு சாமான்கூடச் சூளைக்குப் போகவில்லை என்பதைப் பார்த்ததும், "என்னய்யா இது?" என்று மேனேஜரைக் கேட்டார்.

பாஞ்சாலைதான் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐயா, நீங்க எந்தப் பேரு வெச்சாலும் நாங்க வாங்கறதா இல்ல. எங்க வேலைக்குச் சந்தோஷமா ஒரு கப்பு குடுக்கறதா இருந்தா, கப்புன்னே எழுதிக் குடுங்க. தலை நிமிந்து வாங்கிக்கறோம்."

"கப்பா?" முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "யாருய்யா கப்பு குடுக்கச் சொன்னது?"

"நீங்கதானே ஐயா போன்ல... பொம்பளைங்களுக்கு ஆளுக்கொரு கொடை குடுன்னு..."

முதலாளி போன் பேசியபோது கூடவே இருந்த டிரைவர் கோவிந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அட போங்க மேனேஜரே, பச்சைச் சாமான் நனைஞ்சி கரையுதே, தூக்கிட்டுப் போறப்ப அதுங்க மேல புடிக்கட்டும்னு, மழைக்குப் புடிக்கிற கொடையில்ல வாங்கிக் குடுக்கச் சொன்னாரு!"