சாக்குக்குள் நின்று உலகம் சுற்றப் போனது

1. பாடம் நடத்திக்கொண்டே உலகத்தைச் சுற்றும் ஒரு கப்பலில் எனக்குப் படிக்க இடம் கிடைத்தது.
2. அந்தக் கப்பலுக்கு என் டிரங்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது.
3. என் மச்சான் போய்ச் சேர்ந்தான்.
4. நான் கரையில் நின்றேன்.
5. பிறகு நானும் போய்ச் சேர்ந்தேன், சாக்கில்.
6. ஒரு வகுப்பு படித்தேன். முக்கால் வகுப்பு என்பதே சரி.
7. திரும்பி வந்தேன்.

வரிசை போட்டு எழுதினால் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! நடந்தபோது இந்த ஒழுங்கில் ஒன்றுகூட இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். அண்ணாமலை நகரில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வீடு கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) துறைமுகத்தை ஒட்டிய குப்பத்தில். அப்பா வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார். உறவில் மற்ற ஆண்கள் எல்லாருக்கும் பிழைப்பு கடலில்தான். எனக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. இருக்கிற இடத்தில் இருக்க முடியாது. சிதம்பரத்தில் இருந்தால் கடலூருக்கு ரயிலேறத் தோன்றும். கடலூரில் இறங்கியதும் திரும்பிப் போகும் ரயில் எப்போது என்று பார்ப்பேன். இடையில் இருக்கிற நிலையங்களில்தான் ஓரளவு நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு மாணவர்களோடு ஒரு கப்பல் வந்து, கடலூருக்கு எதிரே நங்கூரம் போட்டது. மாணவர்கள் சிதம்பரம் கோயிலைப் பார்க்க வந்தார்கள். கூடவே உள்ளூர் மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதாக அறிவிப்பும் வந்தது. நேர்காணலில் ஒரு கேள்விதான் எனக்கு நினைவிருக்கிறது. மாதக்கணக்கில் கடலில் இருக்க முடியுமா என்று கேட்டார்கள்.

"நான் மீனவர் வீட்டுப் பெண்" என்றேன், மகாராணி மாதிரி. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. (எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. கடலை நான் கணுக்கால் வரைக்கும்தான் அறிவேன். இது ஏனோ அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.)

புறப்படும் நாள். குப்பமே துறைமுகத்தில் நின்றது. ஆளேற்றிப் போகக் கப்பலிலிருந்து லாஞ்சு என்கிற மோட்டார் படகு வந்தது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா மகன் கோபால் முதலில் ஏறினான். அன்றைக்கென்று யாரிடமோ பேன்ட் வாங்கிப் போட்டிருந்தான். லாஞ்சுக்காரர் பெட்டியைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், கோபாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லாஞ்சு கிளம்பிவிட்டது.

"யம்மா, மச்சான் போறாம்மா!"

"போவட்டும்டி. ஆம்பள மொதல்ல ஏறுனா நல்லதுதான்."

"படிக்கப் போறது நாந்தாம்மா!"

கூட்டம் அதற்குள் லாஞ்சைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தது. கோபாலும் கையாட்டினான். கப்பல் மதியம் கிளம்புகிறது. லாஞ்சு திரும்பி வருமா என்று சொல்ல ஆளில்லை. அம்மாவின் தம்பி, கோபாலின் அப்பா சிங்காரம் மாமாவின் படகு பக்கத்திலேயே கட்டியிருந்தது.

"மாமா, என்னக் கொண்டு போய் விடுங்க."

"உனக்கு உசுரு வேணும்னாலும் குடுக்கறேன் புள்ள. படகுல மட்டும் கால வெக்காத."

"லாஞ்சுல ஏறலாம், உங்க படகுல ஏறக்கூடாதா?"

"லாஞ்சு வெள்ளக்காரனுது, அவன் சாமி வேற. நம்ம படகுல பொம்பள கால் பட்டா வலையில பாசிதான் வரும்."

"சரி மாமா. கால் படாம ஏறுனா?"

மாமா யோசித்தார். எனக்கோ நான்கு வருடப் படிப்பும் ஒன்றாகக் கைகொடுத்தது. கம்பிக்கும் கைக்கும் நடுவில் ரப்பர் வைக்கிறோம். மரத்துக்கும் காலுக்கும் நடுவில் சாக்கு வைத்தால் என்ன? இதை விளக்கியபோது பக்கத்தில் நின்ற பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

"மூட்டை ஏத்தலாம்பா" என்று முடிவாயிற்று. "மூட்டையில ஆம்பள மூட்டை, பொம்பள மூட்டைன்னு எங்க இருக்குது?"

பட்டுப்புடவையோடு ஒரு சாக்குக்குள் இறங்கி நின்றேன். கழுத்து வரை இழுத்து, கயிறு கட்டினார்கள். இரண்டு பேர் தூக்கிப் படகில் வைத்தார்கள். அம்மா அந்த நிலையிலேயே என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

முகத்துவாரம் தாண்டியதும் முதல் அலை வந்தது. சாக்குக் காப்பு என் காலுக்குத்தான் போட்டிருந்தார்கள், வயிற்றுக்குப் போடவில்லை.

கப்பலை அடைந்தபோது எனக்கு ஏணி இரண்டாகத் தெரிந்தது. எதில் ஏறுவது? மேலிருந்து சரக்கு தூக்கும் வலையை இறக்கினார்கள். பக்கத்துப் படகின் காய்கறி மூட்டைகளோடு சேர்த்துக் கிரேன் என்னைத் தூக்கியது. தளம் முழுக்க மாணவர்கள், ஆளுக்கொரு கேமரா. உலகத்தின் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் என் படம் இருக்கும், காய்கறி மூட்டைகளுக்கு நடுவில்.

கோபால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வா புள்ள. கிளாஸ் தொடங்கப்போறாங்க. என்ன கேட்டாலும் நான் தலைய ஆட்டிக்கினே இருந்தேன். கேக் குடுத்தாங்க. நல்ல மனுசங்க."

சாக்கை அவிழ்த்து என்னை வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். கடல் நீரோட்டங்களைப் பற்றிய பாடம். ஆசையோடுதான் உட்கார்ந்தேன், எழுதவும் தொடங்கினேன். ஆனால் அறை மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. மற்ற யாருக்கும் அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. பேராசிரியர் புன்னகையோடு என் பக்கம் திரும்பினார். கடலோடு தலைமுறைகளாக வாழும் சமூகத்திலிருந்து வந்தவர், தன் அனுபவத்தைச் சொல்லட்டும் என்றார்.

எழுந்தேன். வாயைத் திறந்தேன். மேசையில் அவருடைய தொப்பி இருந்தது. இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை திரும்பி வந்தது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் வந்தது. "பழகிவிடும்" என்று சொல்ல நினைத்து, பாதியில் வாளியைத் தேடினேன். அவர் ரொம்பவும் மரியாதையாக ஒன்றைச் சொன்னார்: கப்பல் இன்னும் நங்கூரத்தையே தூக்கவில்லை. அடுத்த கரையைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும்.

அதே வலை, அதே சாக்கு, கோபாலுக்காகக் கீழே காத்திருந்த அதே படகு. இந்த முறை பெட்டியும் கோபாலும் கூட. கொஞ்ச நேரத்தில் கப்பல் சங்கு ஊதிக்கொண்டு நகர்ந்தது. சாக்கிலிருந்து தலையை நீட்டி, அது சின்னதாகிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்துக்கே என்னை விட்டுவிட்டுப் போக அவ்வளவு அவசரம் என்பது போல இருந்தது.

"ஏன் மாமா, எனக்கு மட்டும் ஏன் இப்டி ஆவுது?"

"உனக்கு மட்டுமா? மொத மொத கடலுக்குப் போறப்ப நானும் கக்குனவன்தான். தெனம் கக்குவேன், தெனம் போவேன். ஒருநாள் தானா நின்னுபோச்சி. எல்லா ஆம்பளைக்கும் அப்டித்தான்."

"இத ஏன் மாமா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

மாமா துடுப்பை நிறுத்தி என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"நீ எப்ப புள்ள படகுல ஏறுன, உனக்குச் சொல்றதுக்கு?"

 நான் சாக்கோடு சாய்ந்து, தலையைப் படகுக்கு வெளியே நீட்டினேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "கப்பல்ல படிச்சவ" என்றாள். "சரக்கு பத்திரம்!" என்று உள்ளேயிருந்து கோபால் குரல் கொடுத்தான். அவர்கள் பஜ்ஜியை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் சென்னைக்கு ரயிலேறினாலும், "சாக்கு எடுத்துக்கினியா புள்ள?" என்று கேட்காமல் மாமா வழியனுப்புவதில்லை.

இப்போது நான் கடலூரில் மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாமா எஞ்சின் படகு வாங்கியிருக்கிறார். முன்பக்கம் 'வசந்தா' என்று என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார். அதில் விளக்கு எரியவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கம்பியை எதோடு சேர்க்க வேண்டும் என்று கரையில் நின்று கத்துகிறேன். கோபால் தப்பாகச் சேர்க்கிறான். படகில் ஏற இன்னும் என்னை விடவில்லை.