அம்மனுக்கு முளைத்த கொம்பு

"அண்ணே, அம்மனுக்குக் கொம்பு முளைச்சிருக்கு" என்றான் சம்மட்டிக்காரன் கெர்தோன்.

சோதாதாஸ் குறட்டால் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். திக்தின்னா அம்மனின் முகம் அம்சமாகத்தான் விழுந்திருந்தது. நெற்றியில் மட்டும், கூந்தல் தொடங்கும் இடத்தில், வளைந்த கொம்பு நுனி ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஆடு!" என்றார்.

மெலாயா ஊரின் நாணயச் சாலைக்கு அவர்தான் தலைவர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரூசாவுடன் நடந்த சண்டையில் இந்த முறை மெலாயா ஜெயித்து, ஒரு மூட்டை வெள்ளிக்காசை அள்ளி வந்திருந்தது. முந்தின சண்டையைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. அள்ளி வந்த காசு எல்லாவற்றிலும் ஒரூசாவின் சின்னமான மலையாடு. உருக்கி வார்த்திருந்தால் தொல்லையே இல்லை. ஊர்த்தலைவர் தெலெம்னஸ் ஒத்துக்கொள்ளவில்லை; ஆட்டின் மேலேயே அம்மன் அச்சை வைத்து அடிக்கச் சொன்னார்.

"உருக்கினா ஆடு நிம்மதியாச் செத்துப்போயிடும்யா. அம்மன் அது மூஞ்சி மேல ஏறி உக்காரணும். அதான் அழகு" என்றுவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். சோதாதாஸின் வாய் சும்மா இருக்கவில்லை. ஊர் ஆண்கள் கூடிச் சாப்பிடும் பந்தியில், ஒயின் சற்றே கூடிப்போன நேரத்தில், எழுந்து நின்று அம்மன் மேல் சத்தியம் செய்தார்.

"ஒரூசாக்காரன் அடிச்சதெல்லாம் ஒரு அடியா? ஊதினாப் பறக்கும். என் சம்மட்டி விழுந்தப்புறம் அந்த ஆட்டோட ஒரு முடி தெரிஞ்சாக்கூட பந்தியில என் இடத்த எடுத்துக்குங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அவருடைய கைவலு ஊரறிந்த சங்கதி. மெலாயாவின் சின்னம் காளையாக இருந்த காலத்தில், சோதாதாஸ் அடித்த காளை காசை விட்டு இறங்கி மேயப் போய்விடும் என்பார்கள்.

பந்தியில் அவர் இடம் கறிச்சட்டிக்கு அடுத்த இடம். ஒருவர் செத்து, இன்னொருவர் பல் போய்க் கூழுக்கு மாறிய பிறகு கிடைத்தது. அது போனால் கறி மட்டுமா போகும்? பந்தியில் இடமில்லாதவனை ஊரில் நாய்கூட மதிக்காது.

இதில் இன்னொன்று. சமாதானம் பேச ஒரூசாவின் தூதர் மதியம் வருகிறார். முதல் காசை அவர் கையில் வைத்து, "உங்க ஆடு எங்கே?" என்று கேட்க வேண்டும் என்பது தெலெம்னஸின் ஆசை.

"காசத் திருப்பி வெச்சு இன்னொரு போடு போடலாம்ணே" என்றான் கெர்தோன்.

நெருப்பில் காட்டித் திருப்பி வைத்து அடித்தார்கள். நெற்றிக் கொம்பு போய்விட்டது. அம்மனின் தாடையில் தாடியாக முளைத்திருந்தது.

"இதுக்கு நெத்தியிலயே விட்டிருக்கலாம்" என்றான் கெர்தோன்.

"வாய மூடு. மூட்டையில வேற காச எடு."

வேறு காசு எடுத்தார்கள். அதிலும் அதே கொம்பு. இந்தத் தடவை அம்மனின் மூக்குத் துவாரத்திலிருந்து.

"சளி மாதிரி இருக்குண்ணே."

சோதாதாஸ் அழாத குறை. இன்னொரு காசை எடுத்தார். கொம்பு மறுபடியும் நெற்றிக்கு வந்து நின்றது. அழுத்தி அடித்தால் அச்சு பிளந்துவிடும்; அதற்கு மேல் அடிக்கவும் பயம்.

"அண்ணே, ஒரு யோசனை. அச்சுல அம்மன் நெத்தி மேல பிறை நிலா ஒண்ணு வெட்டிடுங்க. கொம்பும் வளைஞ்சிருக்கு, நிலாவும் வளைஞ்சிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா எவனுக்குத் தெரியப்போவுது?"

அந்த நேரத்துக்கு அது தெய்வவாக்காகவே பட்டது. சோதாதாஸ் உளியை எடுத்து அவசர அவசரமாக நிலா வெட்டினார். காசைச் சூடாக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "தாயே" என்று ஓங்கிப் போட்டார்.

கெர்தோன் குனிந்து பார்த்தான்.

"என்னடா?"

"நிலா இந்தப் பக்கம் விழுந்திருக்கு. கொம்பு அந்தப் பக்கம் அப்படியே இருக்கு." காசைப் பட்டடைக் கல்லின் மேல் வைத்தான். "இப்ப ஜோடியாயிடுச்சுண்ணே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தெலெம்னஸ் தூதரைத் தோளில் கை போடாத குறையாக அழைத்து வந்தார். தூதர் அகேலாஸ் குண்டான மனிதர். மலையேறி வந்த களைப்பில் மூச்சு வாங்கினார்.

"எங்கய்யா முதல் காசு?" என்று பட்டடை மேல் இருந்ததைத் தெலெம்னஸ் எடுத்தார். பார்த்தார். முகம் கறுத்தது. சோதாதாஸை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னய்யா இது? அம்மனுக்கு ரெண்டு கொம்பு!"

"ஒண்ணு நிலாங்க."

"இன்னொண்ணு?"

சோதாதாஸ் கட்டைவிரலால் கொம்பை மறைக்கப் பார்த்தார்.

"அம்மன் மேல சத்தியம் பண்ணியே, ஞாபகம் இருக்கா? இன்னிக்கு ராத்திரி உன் இடத்துல வேற ஆள் உக்காருவான்."

அதற்குள் தூதர் அருகில் வந்து, காசை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார். கட்டைவிரலால் தடவினார்.

"எங்க ஆடுன்னா நினைச்சீங்க? இது இல்லைங்க."

"இல்லையா?" சோதாதாஸின் குரல் கிறீச்சிட்டது.

"மலையாட்டுக் கொம்புல கணு கணுவா இருக்கும். இது வழவழன்னு இருக்கே. எங்க ஆட்ட நீங்க மொத அடியிலயே ஒழிச்சிட்டீங்க."

சோதாதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சூடு ஆறாத பட்டடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். சுட்டது. அதுவும் சுகமாகத்தான் இருந்தது. கெர்தோன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, உன் இடம் உனக்குத்தான்" என்றார் தெலெம்னஸ், மனசில்லாமல். பிறகு தூதரைப் பார்த்தார். "அப்ப இந்தக் கொம்பு யாரோடது?"

தூதர் தொண்டையைச் செருமினார்.

"சமாதானம் பேச வந்த எடத்துல இதச் சொல்லக் கூடாது... போன சண்டையில உங்ககிட்டருந்து நாங்க அள்ளிட்டுப் போன அதே காசுதான் இது. அது மேல ஆட்ட அடிச்சு அடிச்சு எங்காளுங்க கை ஓஞ்சுதே தவிர, உங்க காளை இறங்கவே மாட்டேங்குதுங்க!"