கொலம்பஸ் அண்ணன் மலையிறங்கிய கதை

மதுரை ஜில்லாவிலேயே அதிகம் பயப்படுகிற மனிதர்தான், பிள்ளைகளைத் துணிச்சலாக ஊர் சுற்றச் சொல்லிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பதிப்பகத்தில் அவருக்குக் கொலம்பஸ் என்று பெயர். கோட்டை, அரண்மனை, குகை என்று சிறுவர்களுக்குச் சுற்றுலாக் கையேடுகள் எழுதித் தள்ளியவர், பக்கத்தில் இருக்கிற திருமங்கலத்தைத் தாண்டிப் போனதில்லை. லிஃப்டில் ஏற மாட்டார். ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். படம் வரைகிற என்னிடம், "மாப்ள, கோட்டைச் சுவரக் கொஞ்சம் குட்டையா வரைடா. பாத்தாலே தல சுத்துது" என்பார்.

போன வருஷம் சமணர் மலைக் கையேட்டுக்கு மறுபதிப்பு. "எத்தனை படின்னு நேர்ல போயி எண்ணிட்டு வாங்க" என்றுவிட்டார் முதலாளி. துணைக்கு நான்.

படியை மட்டுமே பார்த்து எண்ணிக்கொண்டு ஏறியதால் அண்ணன் பிழைத்தார். மேலே சிற்பங்களைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அடிவாரத்து ஆலமரம் கொத்தமல்லிக் கட்டு அளவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். படியோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, நீ போ. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

"எம்புட்டு நாளைக்குண்ணே?"

"வீட்ல மட்டும் சொல்லிரு."

சிரித்தேன். அதற்குள் நாகமலைப் பக்கம் வானம் கறுத்து, தூறல் விழுந்தது. நனைந்த பாறையில் என் செருப்பு ஒரு சாண் வழுக்கியது. சிரிப்பை விட்டுவிட்டு நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மேல் படியில் ஒரு சிறுமி, அம்மாவின் சேலையைப் பிடித்தபடி, இறங்கப் பயந்து அழுதுகொண்டிருந்தாள். "துள்ளிக் குதிச்சு இறங்கலாம்னு புக்குல போட்டிருக்கேம்மா!" அவள் கையில் இருந்தது அண்ணன் எழுதிய கையேடு.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது பொய் பாப்பா. எழுதுனவன் நான்தான். எனக்கும் காலு நடுங்குது, பாரு. உக்காந்துக்கிட்டே இறங்குவமா?"

அவர் முன்னால், பின்னால் சிறுமி, அவள் அம்மா, கடைசியில் நான். நாலு பேரும் உட்கார்ந்தபடியே நகர்ந்தோம். மழை முதுகில் அறைந்தது.

"பயமா இருக்கா பாப்பா?"

"இருக்கு."

"எனக்குந்தான். அடுத்த படி."

அடிவாரம் வரை இதே பேச்சுதான். எங்கள் இரண்டு பேண்ட்டும் தேய்ந்து கிழிந்தன. உயிர் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது.

திரும்புகிற பஸ்ஸில், பெரியார் பஸ் நிலையம் வரும்வரை அண்ணன் என் மணிக்கட்டை விடவே இல்லை. கண்டக்டர்கூடப் பார்த்துச் சிரித்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை; எனக்கும் அப்போது அவர் வேண்டியிருந்தது.