எட்டுப் பேர் காதில் பூ

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கண்ணால் பார்த்தது என்றால் நீங்கள் சந்தேகப்படலாம். கண்ணில் புரை விழும். இது முழுக்க முழுக்க இந்த இரண்டு காதாலும் கேட்டது.

ஒரு நாடு. அந்த நாட்டுக்கு ஒரு ரக்பி அணி. வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்ற அணி. பன்னிரண்டாவதுக்குப் புதுப் பயிற்சியாளரைத் தேடுவார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, தேர்வுக் குழுத் தலைவர் ஒரு சாமியாரோடு காரிலிருந்து இறங்கினார்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினைந்து பேர் ஆடுவார்கள். பின்களத்தில் ஏழு பேர். ஓடுவதும் விளம்பரத்தில் சிரிப்பதும் அவர்கள் வேலை. முன்களத்தில் எட்டுப் பேர். இவர்கள் குனிந்து, தோளோடு தோள் பூட்டிக்கொண்டு, எதிரே அதேபோல் குனிந்து நிற்கிற எட்டுப் பேரை முட்டித் தள்ளவேண்டும். அந்த நெரிசலில் காது அடுத்தவன் தொடையில் அரைபட்டு, இரத்தம் கட்டி, நாலைந்து வருஷத்தில் கசக்கி எறிந்த பஸ் டிக்கெட் மாதிரி ஆகிவிடும்.

அந்தக் கசங்கலில்தான் தேசத்தின் தலைவிதி எழுதியிருக்கிறது என்றார் சாமியார். கைரேகை எல்லாம் பழசு. இவர் செவிச்சித்தர்.

வந்த முதல் வாரமே, "தோல்வி இம்முறை நம்மை அண்டாது" என்று அருளினார். ஆட்டத்தன்று கொட்டிய மழையில் மைதானம் ஏரியாகி ஆட்டமே ரத்தானது. தோற்கவில்லையே! போதாதா? மறுநாளிலிருந்து பயிற்சி மைதானத்தின் வாசலில் கூட்டம். கணக்குப் பரீட்சையில் தவறியவர், வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர், பல்வலிக்காரர், எல்லாரும் காதைக் காட்ட வந்துவிட்டார்கள். சாதாரணக் காதுக்குச் சித்தர் பலன் சொல்லமாட்டார், மடிந்த காதுதான் பேசும் என்று யாரோ கிளப்பிவிட, ஊரில் பாதிப்பேர் காதில் துணிக் கிளிப் மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்கள். கடைகளில் கிளிப் தீர்ந்துபோய், துவைத்த சட்டைகள் காற்றில் பறந்தன.

கிளிப்பே தேவைப்படாத காது முட்டுவின் காது.

முன்களத்தில் ஓரமாக நின்று மொத்தப் பாரத்தையும் கழுத்தில் வாங்குகிறவனுக்கு அந்த அணியில் முட்டு என்று பேர். கட்சிக்கும் தலைவருக்கும் வாயால் கொடுக்கிற முட்டு இல்லை இது, கழுத்தால் கொடுப்பது. பதினாலு வருஷம் உள்ளூர் அணிக்கு முட்டாக நின்றதில் சொந்தப் பேரே மறந்து, சரக்குக் கிடங்கின் வருகைப் பதிவேட்டில்கூட அவன் முட்டுதான். வயது முப்பத்து நாலு. தேசிய அணியின் சட்டையை இதுவரை துவைத்து மடித்துத்தான் பார்த்திருக்கிறான், போட்டதில்லை. இந்தத் தடவை சித்தர் காதைப் பார்த்துப் பொறுக்குகிற எட்டில் ஒருவனாக வந்தால் உண்டு. இல்லையென்றால் சாகும்வரை மூட்டைதான்.

அதனால் சித்தரை அவன் முழுசாக நம்பினான். நம்புவதற்கு ஆதாரமும் இருந்தது. திங்கட்கிழமை நடந்த முதல் சுற்றில், சித்தருக்கு முன்னால் கட்டிய திரையில் வெட்டியிருந்த ஓட்டை வழியாகக் காதை நீட்டியவுடனே, மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது: "இடது முழங்காலில் மூன்று ஆணி. இரண்டு குழந்தைகள். இந்தச் செவி வறண்டிருக்கிறது. தைலம் தேய்."

வீட்டுக்கு வந்து, சித்தர் கொடுத்த தைலப் புட்டியை மேசையில் வைத்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னான். அவள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் வேலை பார்க்கிறவள். ஒரு நாளைக்கு இருபது கை, பதினைந்து கால் பார்க்கிறவளுக்குக் காது ஒன்றும் அதிசயமில்லை.

"எந்த முழங்கால்னு சொன்னாரு?"

"இடது."

"உங்களுக்கு ஆணி இருக்கிறது எதுல?"

முட்டு குனிந்து தன் கால்களைப் பார்த்தான். எழுந்து நின்று பார்த்தான். வலது காலில் தழும்பு பல்லைக் காட்டியது.

"அவரு எதிர்ப்பக்கம் உக்காந்திருக்காரில்ல, அவருக்கு அது இடதாத் தெரிஞ்சிருக்கும்."

"காதுக்குள்ள ஏதுங்க எதிர்ப்பக்கம்?" என்றவள் புட்டியைத் திறந்து மோந்தாள். சமையல் எண்ணெயில் கொஞ்சம் கற்பூரம். எழுந்துபோய் குளியலறைக் கதவின் கீலில் ஊற்றினாள். ரெண்டு வருஷமாகக் கிறீச்சிட்ட கதவு சத்தமில்லாமல் திறந்தது. அந்தத் தைலம் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

இதை முட்டு தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். மறுநாள் அணி அலுவலகத்துக் குமாஸ்தா, "தைலம் தேய்ச்சியாப்பா?" என்று கேட்க, இவன் வெள்ளந்தியாகக் கதவுக் கதையைச் சொல்லிவிட்டான். குமாஸ்தா, உள்ளூர் அணிக்காரர்கள் உட்பட எல்லா வீரர்களின் மருத்துவ ஃபைல்களையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர். சித்தரின் சொந்தத் தங்கை புருஷன் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

அன்று மாலையே சேதி வந்தது: சித்தர் வருத்தத்தில் இருக்கிறார்.

"போச்சு! உன்னாலதான்!" என்று முட்டு தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நூற்றுப் பதினெட்டு கிலோ ஆள் உட்கார்ந்து அழுவதைப் பார்க்க நாற்காலிக்கே பாவமாக இருந்திருக்கும். "பதினாலு வருஷம் கழுத்தக் கொடுத்தேன். கடைசியில ஒரு கதவுக்காக எல்லாம் போச்சு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. போன வருஷம் ஆப்பரேஷன் முடிஞ்சதும் உங்களுக்குக் கட்டுப் போட்டது யாரு?"

"நீதான்."

"வலது கால்ல. உங்க அணி ஃபைல்ல அந்தக் குமாஸ்தா இடதுன்னு தப்பா எழுதிட்டாருன்னு நாலு தடவ திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா? இன்னிக்கு வரைக்கும் திருத்தல. காது தப்பாச் சொன்னா சொல்லட்டும், அது பாவம் காது. ஆனா குமாஸ்தா பண்ணின அதே தப்பை எப்படிங்க பண்ணும்?"

முட்டு யோசித்தான். யோசித்துப் பழக்கமில்லாததால் நெற்றி வலித்தது. ஆனாலும் யோசிப்பதை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை இறுதித் தேர்வு. உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவே கறுப்புத் திரை. இந்தப் பக்கம் வீரர்கள், குடும்பங்கள், பத்திரிகைக்காரர்கள், காதில் கிளிப்போடு பொதுமக்கள். அந்தப் பக்கம் சித்தரும் குமாஸ்தாவும் மட்டும். 'பாரபட்சம் வரக்கூடாது' என்பதற்காகச் சித்தர் ஆளைப் பார்க்கமாட்டாராம், காதை மட்டும்தான் பார்ப்பாராம். வரிசை மட்டும் குமாஸ்தா போட்டது. தேறிய காதின் இடுக்கில், திரைக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பூ செருகப்படும்.

நன்றாகக் கவனியுங்கள். காதில் பூ. இருநூறு பேர் முன்னால், பட்டப்பகலில், தேசத்தின் காதில் பூ வைத்தார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, கைதட்டினார்கள். இதைவிட நேர்மையான மோசடிக்காரனை எங்கே போய்த் தேடுவது?

பயிற்சியாளர் மட்டும் மூலையில் தள்ளுவண்டிமேல் உட்கார்ந்திருந்தார். முன்களத்துக்காரர்கள் முட்டித் தள்ளிப் பழகுகிற இரும்பு வண்டி அது. யார் எவ்வளவு தூரம் தள்ளினான் என்று மூன்று மாதமாக எழுதி வைத்த நோட்டு அவர் மடியில். அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆறு பேர் முடிந்து, ஐந்து பூ போயிருந்தது. ஏழாவது முட்டு. அவன் எழுவதற்குள் அவன் மனைவி தேர்வுக் குழுத் தலைவரின் பக்கத்தில் போய் நின்று, திரைக்கு அந்தப்பக்கம் கேட்காத குரலில் பேசினாள்.

"சார், ஊர்ல எல்லாரும் காதைக் காட்டிட்டாங்க. இவரைக் கூட்டிட்டு வந்த உங்க காதை மட்டும் சாமி பாக்கவேயில்லையே. அடுத்த மாசம் ரக்பி சம்மேளனத் தேர்தல்ல வேற நிக்கிறீங்களாமே?"

தலைவருக்கு எழுபத்தொரு வயது. கல்யாணம் ஆகாதவர். டெலிபோனைத் தவிர வேறெதுவும் படாத காது. வழுவழுவென்று, ஓரத்தில் நரைமுடியோடு. ஆசை அதில் சிவப்பாக ஏறியது.

"வரிசையில நான் எப்படிம்மா நடுவுல..."

"எங்க வீட்டுக்காரர் முறைய எடுத்துக்குங்க. மடங்காத காதையும் பேச வைச்சா சாமிக்குத்தானே பெருமை? காதைப் பாத்துச் சொல்றவருக்கு யார் காதுன்னா என்ன?"

தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் காதை ஓட்டையில் வைத்தார். முட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்; அவளுடைய விரல்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"ஆகா!" என்று குரல் வந்தது. "இது களத்தில் நசுங்கிய செவி. வயது முப்பத்து நாலு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இடது முழங்காலில் மூன்று ஆணி."

தலைவர் திடுக்கிட்டுத் தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

"இரண்டு பிள்ளைகள். பெண்டாட்டி பேச்சுக்கு ஆடுகிற செவி! அருமருந்தைக் கதவுக்கு ஊற்றிய செவி! இதற்கு இந்த அணியில் இடமில்லை. இந்த மனிதனை மைதானத்தை விட்டே துரத்துங்கள்!"

கூடம் வெடித்தது. கிளிப்புகள் காதிலிருந்து தெறித்தன. சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் கையைத் தூக்கினார்.

"இருங்க, இருங்க! சாமி சொன்னா அர்த்தம் இருக்கும். எனக்குத் தெரியாமலே ஆணி அடிச்சிருப்பாங்களோ என்னமோ..."

களத்தில் முட்டுக் கொடுக்கிறவன் ஒருவன். சித்தருக்கு முட்டுக் கொடுக்கிறவர் இன்னொருவர்.

"தலைவரே, ரெண்டு பிள்ளைங்களும் உங்களுக்குத் தெரியாமலேதானா?" என்று பின்களத்துக்காரன் ஒருவன் கேட்டான்.

மனைவி நடந்துபோய்த் திரையை ஓர் இழுப்பு இழுத்தாள். மாவுக்கட்டைப் பிரிக்கிற கை; திரை கம்பியோடு வந்தது. அந்தப் பக்கம் செவிச்சித்தர் காதுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் முட்டுவின் மருத்துவ ஃபைல். மூக்கில் படிக்கிற கண்ணாடி. பக்கத்தில் குமாஸ்தா எட்டாவது ஃபைலை எடுத்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார்.

சித்தர் மெதுவாகத் திரும்பினார். ஓட்டை போன பிறகும் தலைவர் அதே இடத்தில் காதை நீட்டியபடி நின்றார்.

"ஐயோ, நீங்களா!" என்றார் சித்தர். அன்றைக்கு அவர் சரியாகச் சொன்ன ஒரே விஷயம்.

அதன்பிறகு சித்தரும் குமாஸ்தாவும் பின்வாசலைப் பார்த்து ஓடிய வேகத்தில் அவர்களைப் பின்களத்துக்கே எடுத்திருக்கலாம். பயிற்சியாளர் வண்டியை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்தார்.

"இப்பவாவது தள்ளிப் பாக்கலாமா?" என்றார். "பாரம் போதல. தலைவரே, வாங்க, ஏறி நில்லுங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அணிக்கு உதவியா இருங்க."

தலைவர் ஏறி நின்றார். முட்டு குனிந்தான். குனிந்தவன் நிமிர்ந்து மனைவியைத் தேடினான்.

"ஏம்மா, சும்மா ஒரு பூ மட்டும் வைச்சுக்கவா?"

"தள்ளுங்க!"

தள்ளினான். கோட்டைத் தாண்டி, விளம்பரப் பலகையைத் தாண்டி, தலைவர் "போதும்பா, போதும்பா" என்று அலற அலறச் சுவர்வரை தள்ளினான். பயிற்சியாளர் நோட்டில் முதல் பெயராக முட்டு என்று எழுதினார்.

கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? வந்தது, அரை நிமிஷம். அப்புறம் மொத்தமாக அந்தப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு, "அம்மா, உங்களுக்குத்தான் உண்மையான சக்தி! எங்க காதைக் கொஞ்சம் பாருங்கம்மா!" என்று குனிந்தது.

"காதை எல்லாம் பாக்க மாட்டேன்," என்றாள் அவள். "ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, அதை நீங்களே எடுத்துப் பாருங்க. இன்னும் பிரிக்காம அப்படியே வெச்சிருக்கீங்க."

நீங்களும் இதை நான் சத்தியம் செய்தேன் என்பதற்காக நம்பவேண்டாம். விசாரித்துப் பாருங்கள். விசாரிக்க வருகிறவர்கள் கையோடு காகிதமும் பேனாவும் கொண்டுவரவும். எனக்கு இரண்டு காதும் கேட்காமல் போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.